சின்ன ஆம்ப்புக்கு நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: செட்டிநாட்டு வீடுகளுக்கான வழிகாட்டி

கையில் அடங்கும் அளவு ஆம்ப் (ஸ்பீக்கரைப் பாட வைக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்கிவிட்டு, அதற்கு அலமாரித் தட்டில் அடங்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் தேடி எட்டு மாதம் அலைந்தேன். முதல் ஜோடியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரண்டாவது ஜோடியில் ஒரு பக்க ட்வீட்டர் (மேல்ஸ்தாயி ஒலி தரும் சின்ன யூனிட்) கருகிப்போனது. மூன்றாவது ஜோடிதான் இப்போது வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில், ஒரு பழைய வீட்டின் பாதியில் குடியிருக்கிறோம். இங்கே ஸ்பீக்கர் வாங்குவதில் பெருநகரத்துக்காரர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் உண்டு. கேட்டுப் பார்த்து வாங்கக் கடைகள் குறைவு. வீடுகளோ ஒலியை எதிரொலித்தே கெடுத்துவிடும். ஜோடி 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம், தாண்டிப் போகாதீர்கள்.

1. ஆம்ப்பின் முதுகைப் படியுங்கள்

ஸ்பீக்கரைத் தேடும் முன் ஆம்ப்பைத் திருப்பி இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஸ்பீக்கர் இணைக்கும் இடத்தில் போட்டிருக்கும் ஓம் அளவு, அதாவது மின்தடை. ‘4-8 ஓம்’ என்றிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ‘6-16’ என்றோ ‘8’ என்றோ இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் பக்கம் போகாதீர்கள். ஆம்ப் சூடாகும், அடிக்கடி தானாக அணையும்.

இரண்டாவது, அடாப்டரின் வோல்ட். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. சந்தையில் கிடைக்கும் சின்ன ஆம்ப்புகளில் பல, டிபிஏ3116 என்ற சிப்பை வைத்துச் செய்தவை. பெட்டியில் ‘50+50 வாட்’ என்று போட்டிருப்பார்கள். சிப்பைச் செய்த நிறுவனம் அந்த 50 வாட்டைச் சொல்வது 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு. உங்கள் ஆம்ப்போடு வந்தது 12 வோல்ட் அடாப்டர் என்றால் கதையே வேறு.

ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அடாப்டர் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்டில் 9 வாட், 19 வோல்ட்டில் 22 வாட், 24 வோல்ட்டில் 36 வாட். ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் உச்ச அளவு இது, நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். அடாப்டரை மாற்றலாமா என்பதை ஆம்ப்பில் போட்டிருக்கும் வோல்ட் வரம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 24 வோல்ட்டுக்கு இடம் தரும் ஆம்ப் என்றால், 24 வோல்ட் 4 ஆம்பியருக்குக் குறையாத நல்ல அடாப்டர் ஒன்று வாங்குவது புது ஆம்ப் வாங்குவதைவிட லாபம்.

2. ‘பேசிவ்’ ஸ்பீக்கர்தானா என்று உறுதி செய்யுங்கள்

என் முதல் ஜோடி திரும்பிப் போனது இதனால்தான். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று இணையத்தில் தேடினால் பாதிக்கு மேல் வருவது உள்ளேயே ஆம்ப் வைத்த ‘ஆக்டிவ்’ வகை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். படத்தில் முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், பின்பக்கப் படத்தைப் பாருங்கள். மின்சார வயர், வால்யூம் திருகு, ப்ளூடூத் என்று எதாவது இருந்தால் அது ஆக்டிவ். அதை உங்கள் ஆம்ப்போடு சேர்க்க முடியாது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள், வேறொன்றுமில்லை என்றால் அதுதான் பேசிவ். அதுதான் நமக்கு வேண்டும்.

இன்னும் ஆம்ப்பே வாங்காதவராக இருந்தால் ஆக்டிவ் ஜோடி மட்டும் வாங்கி வேலையை முடித்துக்கொள்ளலாம். அது தவறில்லை. ஆம்ப் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால்தான் சிக்கல்.

3. வாட்டை விடுங்கள், டெசிபெல்லைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் பெட்டியில் ‘100 வாட்’ என்றிருப்பது அந்த ஸ்பீக்கர் தாங்கும் அளவு. அது எவ்வளவு சத்தமாகப் பாடும் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. ‘பிஎம்பிஓ’ என்ற விளம்பரக் கணக்கில் ஆயிரக்கணக்கான வாட் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நாம் பார்க்க வேண்டியது ‘சென்சிட்டிவிட்டி’ என்ற வரி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதே அது.

3 டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். 6 டெசிபெல்லுக்கு நான்கு மடங்கு. அதாவது, 88 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் சத்தத்தை எழுப்ப, 82 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் வேண்டும். பெரிய ஆம்ப் வைத்திருப்பவருக்கு இது பொருட்டில்லை. 20 வாட் வைத்திருக்கும் நமக்கு இதுதான் எல்லாமே.

என் இரண்டாவது ஜோடி சிறிய, அழகான பெட்டி. மெதுவாக வைத்தால் குரல் அவ்வளவு சுத்தம். ஆனால் சென்சிட்டிவிட்டி 82. முகப்பு ஹாலில் நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்து நாகஸ்வரக் கச்சேரி கேட்பேன். தனி ஆவர்த்தனத்தில் தவில் உச்சத்துக்குப் போகும்போது ஒலி கிழிந்தது. தவில் அடி ஒவ்வொன்றும் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கில் சராசரியைப்போல் பத்து மடங்கு, இருபது மடங்கு வாட் கேட்கும். ஆம்ப்பிடம் அது இல்லை. இல்லாததைத் தர முயன்று அலையின் முனையை மழுக்கி அனுப்பும். அந்தக் கிழிந்த ஒலியில் மேல்ஸ்தாயி சக்தி அதிகம். அது முழுக்க ட்வீட்டரில் போய் இறங்குகிறது. மூன்றாவது மாதம் இடது ட்வீட்டர் போய்விட்டது. சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

சரி, எந்த எண் போதும்? சின்ன அறையில் இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு 85 போதும். ஹாலில் கேட்பவர் 87-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஓர் உள்விஷயம் இருக்கிறது. சில நிறுவனங்கள் ‘ஒரு வாட்’ என்று போடாமல் ‘2.83 வோல்ட்’ என்று போடுகின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது இரண்டு வாட் ஆகிவிடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து 3-ஐயும், 6 ஓம் என்றால் ஒன்றேகாலையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

என் பட்டியலில் கடைசிவரை இருந்தவை இவை. போல்க் டி15: 8 ஓம் ஆம்ப்புகளுக்கு ஒத்துப்போவது, 89 டெசிபெல், ஐந்தேகால் அங்குல வூஃபர் (கீழ்ஸ்தாயி ஒலி தரும் பெரிய யூனிட்). சோனி எஸ்எஸ்-சிஎஸ்5: 6 ஓம், 87 டெசிபெல், மூன்று யூனிட் கொண்டது. வார்ஃபடேல் டைமண்ட் 12.1: 8 ஓம், 88 டெசிபெல். இதன் விலை மற்ற இரண்டையும்விடக் கூடுதல், என் கைக்கு எட்டவில்லை. டாலி ஸ்பெக்டார் 1-ஐப் பலர் புகழ்கிறார்கள், நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் 83 டெசிபெல். அதற்கு வலுவான ஆம்ப் வேண்டும், நமக்கல்ல.

4. அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள்

ஆத்தங்குடி டைல்ஸ் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்துக் கண்ணாடியாகப் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர், அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். நம் வீடுகளின் அழகே இதுதான். ஒலிக்கு மட்டும் இது ஆகாது. ஹால் நடுவில் நின்று பலமாக ஒரு தடவை கைதட்டுங்கள். தட்டிய பிறகு ‘ட்ரிங்ங்’ என்று ஓர் ஓசை நீண்டால், 15,000 ரூபாய் ஸ்பீக்கரும் 1 லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே கிட்டத்தட்ட ஒரே குழப்பத்தைத்தான் தரும். பாட்டின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். மிருதங்கத்தின் வலந்தலைச் சொல் கூர்மையாகக் கேட்காது.

இதற்கு வெளியூரிலிருந்து பொருள் எதுவும் வாங்க வேண்டாம். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடைப்பட்ட தரையில் கனமான ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். முதல் எதிரொலி அங்கிருந்துதான் வருகிறது. கோரைப்பாய் மெல்லியது, பெரிதாக உதவாது. ஜன்னலுக்குக் கனத்த திரை. முதுகுப்பக்கச் சுவர் ஓரமாக, துணி போட்ட சோபாவோ சுருட்டி வைத்த மெத்தையோ இருந்தால் நல்லது. அப்பத்தா கொடுத்த பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டு வீட்டில் இருந்தன. அவற்றை நிமிர்த்தி வைத்த அன்றே வித்தியாசம் கேட்டது.

அதைவிட நல்ல வழி, இடத்தையே மாற்றுவது. வளவைச் (வானம் பார்த்த உள்முற்றத்தைச்) சுற்றி வரிசையாக அறைகள் இருக்குமே, அவற்றில் ஒன்றுக்குப் போய்விடுங்கள். எனக்குக் கடைசியில் நிம்மதி தந்தது அதுதான். சின்ன அறை, மர அலமாரி, துணிமணி, கட்டில் என்று நிறைந்திருக்கும். 20 வாட் அங்கே தாராளம். வளவு நடுவிலோ அதன் தாழ்வாரத்திலோ மட்டும் வைக்காதீர்கள். ஒலியில் பாதி வானத்துக்குப் போய்விடும், சாரலும் அடிக்கும்.

இதை ஸ்பீக்கர் வாங்கும் முன்பே செய்யுங்கள். எந்த அறை என்று முடிவானால்தான் எத்தனை டெசிபெல் வேண்டும் என்பது தெரியும்.

5. எங்கே வாங்குவது

காரைக்குடியில் செக்காலை ரோடு, கல்லுக்கட்டிப் பக்கக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் டிவி சவுண்ட்பார், பார்ட்டி ஸ்பீக்கர், மைக்செட் சாமான்கள். பேசிவ் புக்‌ஷெல்ஃப் கேட்டால் “வரவழைச்சுத் தர்றேண்ணே” என்பார்கள். வரவழைத்தால் முன்பணம் போகும், பிடிக்காவிட்டால் திருப்ப முடியாது. திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

சென்னைக்குப் போவதென்றால் அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினால் நண்பகல் வாக்கில் எழும்பூர். ரிச்சி தெரு அங்கிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். ஆனால் பிற்பகலில் அதே பல்லவனில் திரும்ப நினைத்தால் கையில் இருப்பது ஏறக்குறைய மூன்று மணி நேரம். கேட்டுப் பார்த்து வாங்க அது போதாது. ஒரு ராத்திரி தங்குவதாகக் கணக்குப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ரிச்சி தெருவில் உதிரிப்பாகம், வயர், அடாப்டர் எல்லாம் மலிவு. நம்மை உட்கார வைத்து நல்ல ஸ்பீக்கர்களைக் கேட்கவிடும் ஷோரூம்கள் நகரத்தின் வேறு பகுதிகளில் இருக்கின்றன. முதல் நாளே போன் செய்து, எந்த மாடல் கேட்க வேண்டும் என்று சொல்லி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் விலை குறையலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இன்னும் குறையும். நம் ஊருக்கு வந்து சேர ஐந்து முதல் எட்டு நாள் ஆகிறது. பணம் கட்டும் முன் ‘ரீப்ளேஸ்மென்ட்’ என்றிருக்கிறதா, ‘ரீஃபண்ட்’ என்றிருக்கிறதா பாருங்கள். முதலாவது என்றால் உடைந்து வந்தால்தான் மாற்றித் தருவார்கள். ஒலி பிடிக்கவில்லை என்பது அங்கே காரணமாகாது. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காததால் என் முதல் ஜோடியைத் திருப்பப் பதினேழு நாள் ஆனது.

நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு சிங்கப்பூர், மலேசியாவில் உறவு உண்டு. ஊருக்கு வருபவரிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். பேசிவ் ஸ்பீக்கருக்கு மின்சாரம் கிடையாது, ஆகவே வோல்ட் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஜோடி 7 முதல் 10 கிலோ எடை வரும். வாரண்டி இங்கே செல்லாமல் போகலாம். ஒரு யூனிட் போனால் உதிரிப்பாகத்துக்கு மறுபடி அங்கேதான் சொல்லி அனுப்ப வேண்டும். சித்தப்பாவுக்கு அந்தச் சுமையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து ஆம்ப் கொண்டுவர மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230.

முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அழகான பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் கண்ணில் படும். மரம் நன்றாக இருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள். பழையது வாங்குவதென்றால், கடைத்தெருவானாலும் தெரிந்தவர் வீடானாலும் இதைச் செய்யுங்கள்:

- வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ஃபோம் என்றால் வருடக்கணக்கில் நம் வெயிலிலும் ஈரத்திலும் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் தாங்கும்.
- கூம்பைச் சுற்றி நான்கு விரல் வைத்து நேராக உள்ளே அழுத்தி விடுங்கள். ‘கர்ர்’ என்று உரசினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வளைந்திருக்கிறது, வேண்டாம்.
- மல்டிமீட்டரில் ஓம் வைத்து இரண்டு முனைகளிலும் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை. இரண்டு பெட்டியும் ஏறத்தாழ ஒரே எண் காட்ட வேண்டும்.
- பாட்டை ஓடவிட்டு ட்வீட்டருக்கு அருகே காதை வையுங்கள். மல்டிமீட்டர் சரியாகக் காட்டினாலும் ட்வீட்டர் செத்திருக்கலாம், அதை இப்படித்தான் பிடிக்க முடியும்.

6. கேட்டுப் பார்க்கும்போது

உங்கள் ஆம்ப்பைப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் தன் பெரிய ஆம்ப்பில் போட்டுக் காட்டினால் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். கடையில் ஓடும் பாட்டு வேண்டாம், நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டை எடுத்துப் போங்கள். நான் வைத்துக்கொண்டது மூன்று. பெண் குரலும் தம்புராவும் மட்டும் உள்ள ஆலாபனை ஒன்று: குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், வெற்றிடத்திலிருந்து வர வேண்டும். மிருதங்கத் தனி ஒன்று: இடந்தலையின் ‘தும்’ உருண்டு முடிய வேண்டும், ‘பொம்ம்ம்’ என்று இழுக்கக் கூடாது. கூட்டமாக வயலின்கள் வரும் சினிமாப் பாட்டு ஒன்று: காது கூசினால் வேண்டாம்.

இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் கூடுதலாக இருப்பதே நல்லதாகத் தோன்றும். காது செய்யும் ஏமாற்று இது. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள்.

7. பில், வாரண்டி, பெட்டி

ஜிஎஸ்டி எண்ணோடு அச்சிட்ட பில் வாங்குங்கள். மாடல் பெயரும் இரண்டு பெட்டிகளின் சீரியல் எண்ணும் அதில் இருக்க வேண்டும். ‘ஸ்பீக்கர் - 1 செட்’ என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். என் இரண்டாவது ஜோடியின் ட்வீட்டர் போனபோது பில்லில் சீரியல் எண் இல்லாததால் விற்றவர் கையை விரித்துவிட்டார். 1,800 ரூபாய் கொடுத்து வெளியில் மாற்றினேன். ட்வீட்டர் கருகியது வாரண்டியில் வருமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்கள் அதை நம் தவறாகத்தான் கணக்கில் எடுக்கும்.

இறக்குமதிப் பொருளின் அட்டைப்பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். சட்டப்படி அது கட்டாயம். சீட்டு இல்லையென்றால் அது குறுக்கு வழியில் வந்த சரக்கு. விலை 3,000 குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கூரியரில் வந்தால், டேப்பை வெட்டும் முன்பே போனில் வீடியோ எடுக்கத் தொடங்கி, இரண்டு பெட்டியையும் வெளியே எடுத்து ஓரங்களைக் காட்டும்வரை நிறுத்தாதீர்கள். அன்றே இணைத்துப் பாருங்கள். கல்யாணம், கோவில் திருவிழா என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டால் திருப்பும் கெடு முடிந்துவிடும், பெரும்பாலும் 7 அல்லது 10 நாள்தான். விற்றவர் செவி சாய்க்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

8. வயரும் வைக்கும் இடமும்

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் கேளுங்கள், பத்து மீட்டர்வரை அது போதும். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செப்பு முலாம் போட்டதாக இருக்கலாம், வேறு கேளுங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு இணையுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறிப் போனாலும் பாட்டு ஓடும், ஆனால் கீழ்ஸ்தாயி ஒலியே இல்லாமல் மெலிந்து கேட்கும், குரல் நடுவில் நிற்காது. ஸ்பீக்கர் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் முன் இதை ஒரு முறை பாருங்கள்.

சுவர் மாடத்துக்குள் ஸ்பீக்கரைச் செருகி வைக்க ஆசை வரும், அளவும் கச்சிதமாகப் பொருந்தும். செய்யாதீர்கள். பின்பக்கம் துளை உள்ள பெட்டி அங்கே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். இடமே இல்லையென்றால் ஒரு காலுறையைச் சுருட்டி அந்தத் துளையில் அடையுங்கள், முழக்கம் அடங்கும். ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். ஸ்டாண்டை ஊர் ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்துகொண்டேன், பத்து நாள் ஆனது.

மொத்தமாக எனக்கு ஆன செலவு: ஸ்பீக்கர் 14,500, வயரும் ப்ளக்கும் 900, ஸ்டாண்ட் 2,800, ஜமுக்காளமும் திரையும் 2,600. ஆகமொத்தம் 20,800 ரூபாய். வழியில் வீணாக்கிய பணம் இதில் சேராது. உங்களிடம் 15,000 மட்டும்தான் இருக்கிறதென்றால் ஸ்டாண்டைத் தள்ளிப் போடுங்கள், ஜமுக்காளத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் எறிந்துவிடாதீர்கள். வாரண்டிக்கு அனுப்பினாலும் பின்னால் விற்றாலும் அவை வேண்டும். பரணில் ஏற்றிவிடுங்கள். தரையில் சுவரோரமாக வைத்தால் பழைய வீடுகளில் ஒரே மழைக்காலத்தில் கரையான் ஏறிவிடும்.